முட்டை அட்டை முதலை

சென்ற மாதம் மலாக்கா பாச்சாங்கில் இளம் ஆசிரியர்களாகிய நீங்கள் நடத்திய கைவினைப் பட்டறைக்கு என்னையும் அழைத்திருந்தீர்கள். பணி ஓய்வு பெற்றவர்களை அழைத்தால் மாலை போட்டு முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பதுதான் வழக்கம். நீங்களும் அப்படித்தான் செய்தீர்கள். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து நீங்கள் செய்த பொம்மைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளூ கன் என்ன, பளபளக்கும் தாள் என்ன, கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து வெட்டிய வடிவங்கள் என்ன! கடையில் வைத்தால் விலை போகும். பதினொரு வயதுப் பிள்ளை செய்தது என்று சொன்னால்தான் யாரும் நம்பமாட்டார்கள்.

தேநீர் நேரத்தில் உங்களில் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பணியில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகியிருக்காது. "டீச்சர், எங்க பிள்ளைங்க செய்ற பொம்மை ரெண்டு நாள்கூட தாங்க மாட்டேங்குது லா. உடையாம செய்றதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?" என்று கேட்டார். ஏதோ பெரிய வித்தையை மடியில் கட்டி வைத்திருப்பவளைப் பார்ப்பதுபோல எல்லாரும் என்னைப் பார்த்தீர்கள். "கெட்டி அட்டையா பாத்து எடும்மா" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அது பதில் இல்லை என்று சொல்லும்போதே தெரியும். பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். கேட்டவருக்கு மனம் குளிரும்படி இது இருக்காது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பணியில் இருந்தபோது கற்பித்த பள்ளி, அலோர் காஜாவிலிருந்து உள்ளே பிரியும் சாலையில் ஒரு தோட்டத்தின் நடுவே இருந்தது. சுற்றிலும் செம்பனை. பிள்ளைகள் வேனில் வந்து இறங்குவார்கள். அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டு வகுப்புக்கு எத்தனை பேர் சேர்வார்கள் என்பதுதான் ஆசிரியர் அறையில் எப்போதும் பேச்சு. அந்தக் கவலையிலிருந்து பிறந்ததுதான் எங்கள் பள்ளியின் ஒரு வழக்கம். ஆண்டிறுதியில், சோதனையெல்லாம் முடிந்த பிறகு, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் பொம்மை செய்வார்கள். புதிய ஆண்டின் முதல் நாள், முதலாம் ஆண்டுக்கு வரும் பிள்ளைகளுக்குத் தங்கள் கையாலேயே அதைக் கொடுப்பார்கள். அம்மாவை விட்டுப் பிரிய மாட்டேன் என்று வாசலில் கிடந்து அழுகிற பிள்ளைகூடப் பொம்மையைக் கண்டால் உள்ளே வந்துவிடும்.

பொம்மைகள் குப்பையிலிருந்துதான் பிறக்கும். பால் பெட்டி, புட்டி மூடி, முட்டை அட்டை, இறைச்சி வாட்டிய சாத்தே குச்சியைக் கழுவிக் காயவைத்தது. நான் வைத்திருந்த விதிகள் சில. பிள்ளை செய்யும் பொம்மையில் ஆசிரியர் கை படக்கூடாது. கொடுத்ததைத் திரும்பக் கேட்கக்கூடாது. இன்னொன்று, யாருக்குச் செய்கிறோமோ அந்தப் பிள்ளையிடமே போய் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் செய்யவேண்டும். எங்கள் வளாகத்திலேயே பாலர் பள்ளியும் இருந்ததால் அது எளிது. இன்னாருக்கு இன்னார் என்று நான் பிரித்துக் கொடுத்துவிடுவேன்.

அந்த ஆண்டு ஐந்தாம் ஆண்டில் தர்ஷினி என்றொரு பிள்ளை இருந்தாள். வாயாடி. வகுப்பில் நான் ஒன்று சொன்னால் அதை இன்னொரு முறை சத்தமாகச் சொல்லி மற்றவர்களை அதட்டுவாள். அவள் தம்பி கவின் பாலர் பள்ளியில் இருந்தான். அவனுக்கு அவளைத் தவிர வேறு யாரைப் போட முடியும்? வீட்டிலேயே கேட்டிருக்கலாம். ஆனாலும் முறைப்படி பாலர் பள்ளி வாசலுக்குப் போய் நின்று, "சார், உங்களுக்கு என்னா பொம்மை வேணும்?" என்று கேட்டாள். அவன் கொஞ்சமும் சிரிக்காமல், "மொதல. வாய் தொறக்கணும். ஆனா கடிக்கக் கூடாது" என்றான்.

வாய் திறக்கும் முதலை சுலபமில்லை. இழுத்துக்கொண்டு போகும்போது சக்கரம் சுற்ற, சக்கரத்தோடு சேர்ந்து ஒரு மூடி கோணலாகச் சுற்றித் தாடையைத் தூக்கிவிட வேண்டும். முதுகுக்கு முட்டை அட்டையை வெட்டி ஒட்டினாள். மேடும் பள்ளமுமாக அசல் முதலை முதுகேதான். வாயும் திறந்தது. திறந்த வாய் மூடத்தான் மாட்டேன் என்றது. இடைவேளை மணி அடித்ததும் கவின் ஓடிவந்து கைவினை அறை ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்குவான். "மூடிருச்சா?" என்பான். "இன்னும் இல்ல, போடா" என்பாள் இவள். தினமும் இதே கேள்வி, இதே பதில். வகுப்பே அதற்காகக் காத்திருந்து சிரிக்கும்.

பிறகு அவனுக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. மலாக்கா மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வீட்டுக்குப் போன நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. அவ்வளவு சின்னப் பெட்டியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கருமாதி முடிந்து தர்ஷினி பள்ளிக்கு வந்தாள். பேச்சு நின்றுபோயிருந்தது. கேட்டால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். அழவும் இல்லை. வீட்டில் கருமாதி நடந்த அன்றும் அவள் அழவில்லை என்று சொன்னார்கள். அன்று கைவினைப் பாடம். மற்ற பிள்ளைகளிடம் அவரவர் வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டு இவளுக்கு என்ன கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் நேராக அலமாரிக்குப் போனாள். முதலையை எடுத்துக்கொண்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்து, தாடையைக் கழற்ற ஆரம்பித்தாள்.

எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் சொல்லித் தரமாட்டார்கள். கட்டிப்பிடித்துக்கொள்ளலாமா, பொம்மையை மெல்ல வாங்கி வைத்துவிடலாமா, வெளியே அழைத்துப் போய்ப் பேசலாமா என்று என்னென்னவோ தோன்றியது. நான் அவள் பக்கத்தில் போய் நின்று, "அந்தக் குச்சி வளைஞ்சிருக்கு பாரு. அதான் சிக்குது" என்றேன். அவள் குச்சியை உருவிப் பார்த்தாள். பெட்டியிலிருந்து வேறு குச்சி எடுத்துக்கொண்டாள். மற்றவர்களும் தலையைக் குனிந்துகொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். நான் வராந்தாவுக்குப் போய்க் கொஞ்ச நேரம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தலைமையாசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை. அந்தப் பிள்ளையை அடக்கம் செய்த இடம்வரை வந்து நின்றவர். "பிள்ளை மனசு என்னா ஆவும் டீச்சர்? வேற ஏதாச்சும் செய்யச் சொல்லுங்க" என்றார். மற்ற ஆசிரியர்களும் அதையேதான் சொன்னார்கள். அவளே கீழே வைக்கும்வரை நான் வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிடிவாதக்காரி என்று எனக்கு ஏற்கெனவே பெயர் உண்டு, புதிதாகக் கெடுவதற்கு ஒன்றுமில்லை.

தர்ஷினியின் தாயாரிடம் அப்படிச் சொல்வது எளிதாக இல்லை. தொழிற்சாலையில் வேலை செய்பவர். மாலை நேர ஷிப்டுக்குப் போகிற வழியில், சீருடையோடு கைவினை அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். வரவில்லை.

"அது இங்க இருக்காமே டீச்சர்."

"எதும்மா?"

"அந்த மொதல." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "அவன் துணிமணி, சைக்கிள், எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துட்டேன். ஸ்கூல் சட்டைய முன்கூட்டியே வாங்கி வச்சிருந்தேன். அதையும் குடுத்துட்டேன். வீட்ல யாரும் அவன் பேர எடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டேன். எடுத்தா என்னால மூச்சு விட முடியல. இது ஒன்னுதான் பாக்கி. குடுங்க, கொண்டுபோய் எரிச்சிடுறேன்."

அவர் கேட்டது நியாயம்தான். பெற்றவளுக்கு இல்லாத உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது? முதலை எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. எழுந்து எடுத்துக் கொடுத்திருந்தால் அந்த அம்மாவுக்கு அன்று இரவு கொஞ்சம் தூக்கம் வந்திருக்கலாம். ஆனால், தர்ஷினி தான் கழற்றி வைத்த தாடையை மறுநாள் வந்து தேடும்போது நான் என்ன சொல்வேன்?

"அம்மா, அது இன்னும் முடியல. தர்ஷினி செஞ்சிகிட்டு இருக்கா. அவகிட்ட நீங்களே கேளுங்க. அவ குடுத்தா நான் தடுக்க மாட்டேன்."

"அவதான் பேசவே மாட்டேங்கிறாளே."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா டீச்சர்?"

"இல்லம்மா."

"அதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பணிக்காலத்தில் எவ்வளவோ பேச்சு வாங்கியிருக்கிறேன். பெற்றோர் திட்டியிருக்கிறார்கள், அதிகாரிகள் முகத்துக்கு நேரே குறை சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குப் போய்க் குளித்தால் எல்லாம் போய்விடும். அந்த ஒற்றைச் சொல் மட்டும் போகவில்லை. அவர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

விடுமுறைக்கு முன்பே முதலை முடிந்துவிட்டது. தர்ஷினி அதை என் மேசைமேல் வைத்து ஒருமுறை இழுத்துக் காட்டினாள். வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது, மூடியது. அவள் ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். நானும் பார்த்தேன். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. அவள் தன் இடத்துக்குப் போய்விட்டாள். நான் முதலையை ஒரு துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

புதிய ஆண்டின் முதல் நாள் மற்ற பிள்ளைகள் வரிசையாக நின்று பொம்மை கொடுத்தார்கள். தர்ஷினி அன்று வரவில்லை. தாயார் அனுப்பவில்லை. யாருக்கும் அது ஆச்சரியமாக இல்லை. உண்மையைச் சொன்னால் எங்களுக்கு நிம்மதியாகவே இருந்தது. மறுநாள் ஆறாம் ஆண்டு வகுப்புக்கு வந்து, எப்போதும்போல் வாய் திறக்காமல் உட்கார்ந்துகொண்டாள்.

சில நாள் கழித்து சுங்கை ரம்பாயிலிருந்து ஒரு குடும்பம் இந்தப் பக்கம் குடிவந்தது. அவர்கள் மகள் ஹரிணியை முதலாம் ஆண்டில் சேர்த்தார்கள். இரட்டைச் சடை, அழுது சிவந்த மூக்கு. வகுப்பில் எல்லாரிடமும் ஆளுக்கொரு பொம்மை இருந்தது. தனக்கு மட்டும் இல்லை என்று தெரிந்ததும் அவள் போட்ட சத்தம் ஆறாம் ஆண்டு வகுப்புவரை கேட்டது. கடையில் ஒன்று வாங்கி வந்துவிடுகிறேன் என்று முதலாம் ஆண்டு ஆசிரியை சாவியை எடுத்துக்கொண்டு காருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

கைவினை அறையில் நான் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் ஆள் நிற்பது தெரிந்து திரும்பினேன். தர்ஷினி.

"டீச்சர், அலமாரிய தொறங்க."

அத்தனை நாளுக்குப் பிறகு அவள் குரலைக் கேட்கிறேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ பயம் வந்தது. பெற்ற தாயிடமே கொடுக்க மாட்டேன் என்று நின்றவள் நான். அதற்குள் அந்த முதலையை ஏதோ சாமி படம்போலத் துணி சுற்றிக் காத்துவந்திருக்கிறேன். நேற்று வந்த பிள்ளை, அதைத் தரையில் போட்டு இழுக்கவா?

"வேற ஒன்னு செய்யலாமே தர்ஷினி. நானும் சாமான் எடுத்துத் தர்றேன். நாளைக்கிக் குடுத்துடலாம்."

"அவ இப்பத்தான அழுறா."

அலமாரியைத் திறந்தேன். அவளே துணியைப் பிரித்தாள். கயிற்றைச் சரிபார்த்தாள். முதலாம் ஆண்டு வகுப்பு வாசலில் குந்தி உட்கார்ந்து, அழுகிற பிள்ளை முன்னால் முதலையை வைத்தாள். "மொதல. வாய் தொறக்கும். கடிக்காது" என்றாள். ஹரிணி அழுகையை நிறுத்தி, விரலை அதன் வாய்க்குள் விட்டுப் பார்த்தாள். கடிக்கவில்லை.

இடைவேளை வந்தது. ஹரிணி கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிமெண்டுப் பாதையில் ஒரே ஓட்டம். முதலை அவள் பின்னால் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு போனது. நாங்கள் ஆசிரியர்கள் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், யாரும் பசியாறவில்லை. கேண்டீன் அருகே மழைநீர்க் கால்வாய் இருப்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா? தாண்டிக் குதித்தாள். முதலை தாண்டவில்லை. கால்வாய் விளிம்பில் அடித்துத் தாடை தனியே போய் விழுந்தது.

நாங்கள் எல்லாரும் ஓடினோம். தர்ஷினி எங்களுக்கு முன்பே அங்கே இருந்தாள். தாடையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கேண்டீன் படியில் உட்கார்ந்தாள். பிறகு அழத் தொடங்கினாள். அது ஒரு பொம்மைக்காக அழுகிற அழுகையா என்ன? அத்தனை நாள் அழாததெல்லாம் சேர்ந்து வந்தது. மணி அடித்தது, பிள்ளைகள் வகுப்புக்குப் போனார்கள், அவள் நிறுத்தவில்லை. தண்ணீர் கொடுத்தோம், குடிக்கவில்லை. தலைமையாசிரியர் என்னைத் திட்டவில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டு, வீட்டுக்குத் தொலைபேசி செய்யப் போனார். அந்தப் பார்வை போதாதா?

தாயார் மோட்டார் சைக்கிளில் வந்தார். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தவர், மகள் கையிலிருந்த தாடையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். என் பக்கம் திரும்பினார்.

"சொன்னேன்ல டீச்சர். அன்னைக்கே சொன்னேன்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் படியில் உட்கார்ந்து மகளை மடியில் சாய்த்துக்கொண்டார். வீட்டுக்குப் போகலாம், அழாதே, அம்மா வேற வாங்கித் தரேன் என்று எதையெதையோ சொன்னார். தர்ஷினி விக்கிக்கொண்டே தலையாட்டினாள். அதற்காக இல்லை என்பதுபோல.

"பின்ன எதுக்கும்மா அழுற? உடைச்சிட்டான்னா?"

"அவன் இல்லம்மா, பொம்பளப் புள்ள." மூச்சு வாங்கினாள். "இவ பரவால்ல. கவினா இருந்தா குடுத்த ஒடனேயே உடைச்சிருப்பான்மா."

அந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருந்த பெயர். தாயார் அசையவில்லை. அவர் கை மகளின் தலைமேல் அப்படியே நின்றது. எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். தலைக்கவசத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சைக்கிள எப்ப உடைச்சான்?"

"தீபாவளி அன்னைக்கே. அப்பா எல்லாத்தையும் பூட்டி முடிக்கல, அதுக்குள்ள."

"பெடல கழட்டிப் பைக்குள்ள போட்டுக்கிட்டுத் திரிஞ்சானே" என்றார். சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. பிறகு அதுவே அழுகையானது. அவர் அழுவதை நான் பார்க்கக் கூடாது என்று திரும்பிக்கொண்டேன். தாயும் மகளும் அவன் உடைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள். கேண்டீன் அக்காள் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்போது ஹரிணி வகுப்பிலிருந்து வந்து நின்றாள். கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இடுப்பில் தாடை இல்லாத முதலை. அழுகிறவர்களைப் பார்த்து அவள் பயப்படவில்லை. அவளுக்கு அவளுடைய கவலை.

"அக்கா, எப்ப ஒட்டுவீங்க?"

தர்ஷினி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வா, இங்க உக்காரு" என்று முதலையை வாங்கி மடியில் வைத்தாள். தாயார் ஒருவழியாகத் தலைக்கவசத்தைக் கழற்றிப் படியில் வைத்தார். கழன்ற தாடையை மகள் கையிலிருந்து எடுத்து, அதன் இடத்தில் பொருத்திப் பிடித்துக்கொண்டார்.

"நான் புடிச்சிக்கிறேன், நீ ஒட்டு" என்றார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. ஒரு கையால் முதலையைப் பிடித்தபடி, மறு கையை மட்டும் என் பக்கம் பசைக்காக நீட்டினார்.